கீழ்ப்படியில் இருபத்தெட்டுச் சோடிச் சப்பாத்து

1

அம்மாவின் இரண்டாவது ஆண்டுப் பூசைக்கு ஒரு மாதம் இருக்கும்போது கவுன்சிலின் சேமக்காலைப் பகுதியிலிருந்து கடிதம் வந்தது. கல்லறைக்குக் கல் வைப்பதற்காக நான் அனுப்பியிருந்த விண்ணப்பம் திரும்பி வந்திருந்தது. இது மூன்றாம் தடவை. புதைகுழி இரண்டு பேரின் பெயரில் பதிவாகியிருப்பதால் இரண்டு பேரும் கையெழுத்திட வேண்டும் என்று மிக மரியாதையாக எழுதியிருந்தார்கள். கையெழுத்து இல்லாத கோட்டுக்குப் பக்கத்தில் யாரோ பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளடி போட்டிருந்தார்கள்.

அந்தக் கோடு என் தம்பி அன்ரனுடையது. அவன் ஹவுன்ஸ்லோவில் இருக்கிறான், ஏயாப்போட்டில் வேலை. நான் கிங்ஸ்பரியில். இரண்டு வீட்டுக்கும் இடையில் என் வேலை வான் வண்டியில் முக்கால் மணித்தியாலம். அந்த முக்கால் மணித்தியாலத்தை நான் ஓடி ஏறக்குறைய இரண்டு வருடமாகிவிட்டது.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்குக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு மன்னார். தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர். நான் ஜேர்மனியில் பதினொரு வருடம் இருந்து, தரை போடும் தொழிலைப் பழகி, பிறகு லண்டனுக்கு வந்தவன். கார்பெற், லமினேற், வைனல் எதுவானாலும் போடுவேன். அன்ரன் நேரே இங்கே வந்தவன். ஆறு வருடத்துக்கு முன்னர் அவன் ஒரு சபையில் சேர்ந்தான். பள்ளிக்கூட ஜிம் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஞாயிறு காலையில் கை தட்டிப் பாடுகிற சபை. அவன் வீட்டுச் சுவரிலிருந்து மாதா படம் இறங்கியது, செபமாலை காணாமல் போனது. அம்மா கிழமையில் பாதி என் வீட்டிலும் பாதி அவன் வீட்டிலும் இருந்தா. சனி பின்னேரம் என்னோடு ஹரோவில் தமிழ்ப் பூசைக்கு வருவா. பூசை முடிய அன்ரன் வந்து ஏற்றிக்கொண்டு போவான். இரண்டு வீட்டிலும் வீட்டுக்கு ஒரு சோடியாக, நீலப் பட்டி போட்ட றப்பர் செருப்பு வைத்திருந்தா. உடுப்புப் பையைத் தூக்கினாலும் செருப்பைத் தூக்கிக்கொண்டு திரியமாட்டா.

அம்மா போனபோது அடக்கப்பூசை நான் சொன்னபடி நடந்தது. அன்ரன் கோயிலுக்கு வெளியே நின்றான். முப்பத்தோராம் நாள் நான் பூசை வைத்தேன், அவன் தன் ஜிம்மில் ஒரு கூட்டம் வைத்தான். அதோடு முடிந்திருக்கலாம். கல் என்று வந்தபோதுதான் பேச்சு முறிந்தது. நான் கல்லில் எங்கள் ஊர்ப் பக்கத்துத் திருத்தலமான மடு மாதாவின் உருவமும், அம்மாவின் ஆத்துமாவுக்கு நித்திய இளைப்பாற்றி கேட்கும் வரியும் வேண்டும் என்றேன். உருவமும் ஆகாது, செத்தவர்களுக்காக மன்றாடுவதும் ஆகாது, வேதத்திலிருந்து ஒரு வசனம் போதும் என்றான் அவன். நான் விடவில்லை. படிவத்தில் அவனுடைய பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் நானே நிரப்பி, கல்லில் வரவேண்டியதையும் நானே எழுதி, கையெழுத்து மட்டும் போடு என்று தபாலில் அனுப்பினேன். அவன் திருப்பி அனுப்பவில்லை. கையெழுத்து இல்லாமலே வேறு படிவங்களை மூன்று தடவை நான் கவுன்சிலுக்கு அனுப்பிப் பார்த்தேன். சிலவேளை கவனிக்கமாட்டார்கள் என்ற ஒரு நப்பாசை. கவுன்சில்காரர் கவனிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள்.

அதனால் அம்மாவின் தலைமாட்டில் இன்னமும் ஒரு மரக்கட்டையும் அதில் ஓர் இலக்கத் தகடும்தான். மழைக்கு மண் தாழ்ந்துவிட்டது. இரண்டு பக்கத்திலும் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் கறுப்புக் கல் ஏறிவிட்டது. பூ வைக்கப் போகும்போது தெரிந்தவர்கள் யாராவது எதிர்ப்பட்டால் எனக்கு வெட்கமாக இருக்கும்.

கடிதத்தை என் மகள் ஷரோனும் வாசித்தாள். உறுதிபூசுதல் முடிந்த கையோடு கோயிலுக்குப் போவதை விட்டவள் அவள். ஆனால் சித்தப்பா வீட்டுக்கு மட்டும் மாதம் ஒருமுறை போவாள். எங்கள் பங்கிலிருந்து எருசலேமுக்குப் போகும் குழுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறதென்று தாயிடம் கேள்விப்பட்டு, எனக்குச் சொல்லாமலே பெயரைக் கொடுத்துவிட்டாள்.

"அப்பா, ஜஸ்ற் கோ. யூ நீட் இற்," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "சித்தப்பாவையும் கேளுங்கோவன்," என்றாள்.

நான் கேட்கவில்லை.

2

போய் இறங்கிய விமான நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு ஷரோனின் வயதுதான் இருக்கும். என் பிரித்தானியப் பாஸ்போர்ட்டில் பிறந்த இடத்தைப் பார்த்தாள். அது எங்கே இருக்கிறது என்று கேட்டாள். இலங்கையின் வடமேற்கில், ஒரு தீவு என்றேன். எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

சுற்றுலா என்று சொல்லும்படி எங்களுக்கு இரண்டு கூட்டம் வைத்துச் சொல்லித் தந்திருந்தார்கள். எனக்கு வாயில் வந்தது வேறு. "என் அம்மாவுக்காக" என்றேன்.

"அம்மா இங்கே இருக்கிறாரா?"

"இல்லை. லண்டனில்."

"லண்டனில் எங்கே?"

"சேமக்காலையில்."

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பின்னால் நின்றவர்கள் நான் எல்லோருக்கும் சேர்த்து வினை வைத்துவிட்டேன் என்று பயந்துபோனார்கள். பிறகு ஒரு சின்ன நீலச் சீட்டைப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துத் தள்ளிவிட்டாள். முப்பது வருட இங்கிலிஷ் அவ்வளவுதான். பதற்றம் வந்தால் மனதில் இருப்பதுதான் வெளியே வருகிறது. வேலையில் இன்றைக்கும் அளவு எண்ணும்போது ஜேர்மன் வருகிறது, அதுபோல.

பழைய நகரத்தின் வாசலில் நான்கு படையினர் நின்றார்கள். துவக்கு பெரியது, முகம் சின்னது. எங்கள் இருபத்தெட்டுப் பேரையும் அவர்கள் ஏறிட்டும் பார்க்கவில்லை. ஆனால் வாசலுக்கு இருபது அடி இருக்கும்போதே எங்கள் ஆட்களின் கதை நின்றது. எவரும் சொல்லாமலே ஒற்றை வரிசை விழுந்தது. பாஸ்போர்ட் வலது கையில், திறந்த பை இடது கையில். தொப்பி போட்டவர்கள் கழற்றினார்கள். நானும் அந்த வரிசையில்தான் நின்றேன்.

வழிகாட்டி இலியாஸ் அந்த ஊர்க் கிறிஸ்தவர், அரபு பேசுகிறவர். திரும்பிப் பார்த்துவிட்டு, யார் உங்களை வரிசையில் நிற்கச் சொன்னது என்று கேட்டார். ஊரில் இராணுவச் சோதனைச் சாவடிகளைத் தாண்டிய காலத்துப் பழக்கம் அது. வரிசையில் நிற்காமல் அங்குமிங்கும் படம் எடுத்துக்கொண்டிருந்தவர் சுவாமி ஒருவர்தான். அவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எங்கள் பங்குக்குக் குருவாக வந்தவர்.

"என்னங்க, எல்லாரும் ரேஷன் கடையில நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?" என்று சிரித்தார்.

"உங்களுக்கு விளங்காது சுவாமி," என்றா பிலோமினா அக்கா. அவதான் எங்கள் குழுவின் மூத்தவ, செபமாலை சொல்வதிலிருந்து பஸ்ஸில் இடம் பிடிப்பதுவரை எல்லாவற்றையும் நடத்துகிறவ. பையைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினா.

3

அந்த ஊரைப் பற்றி எழுதச் சொன்னால் கோபுரங்களையும் சுவர்களையும்தான் எல்லோரும் எழுதுவார்கள். எனக்குத் தொழில் தரை. நான் குனிந்தபடிதான் நடந்தேன். கல் நல்ல கல். அவ்வளவு கால் பட்டும் வெடிக்காமல் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கிறது. மழை பெய்தால் வழுக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு அறையின் தரைகள் சந்திக்கும் இடத்தில், கதவு நிலைக்குக் கீழே நாங்கள் ஓர் உலோகப் பட்டி அடிப்போம். இந்தத் தரை இதோடு முடிகிறது, அந்தத் தரை இதிலிருந்து தொடங்குகிறது என்று அது காட்டிவிடும். எருசலேமில் அந்தப் பட்டி இல்லை. யூதர் பகுதி, முஸ்லிம் பகுதி, கிறிஸ்தவர் பகுதி, ஆர்மேனியர் பகுதி எல்லாம் ஒரே கல்லில் போகிறது. யாராவது மறித்துக் கேட்கும்போதுதான் அடுத்த அறைக்குள் கால் வைத்துவிட்டோம் என்று தெரியும்.

முதல் நாளில் என்னை நான்கு முறை கேட்டார்கள். யூதர்கள் நின்று செபிக்கும் பெருஞ்சுவருக்குப் போகும் வழியில், கறுத்தத் தொப்பி போட்ட ஒரு பெடியன் ஓடிவந்து, நீங்கள் யூதரா என்று கேட்டான். இல்லை என்றதும் அதே வேகத்தில் அடுத்தவரிடம் ஓடினான். பள்ளிவாசலுக்குப் போகும் சந்தில் ஒரு பொலிஸ்காரர், முஸ்லிமா என்று கேட்டார். இல்லையென்றால் இந்த வாசல் இல்லை, வேறு வாசல், வேறு நேரம் என்றார். மெழுகுதிரி விற்ற இடத்தில் தாடிச் சாமியார் ஒருவர், எங்கள் சபையா, உரோமைச் சபையா என்று கேட்டார். நான்காவதாகக் கேட்டது, சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா. எங்கள் தமிழைக் கேட்டு ஆவலோடு ஓடிவந்து, ஊர் பேர் விசாரித்துவிட்டு, "நீங்க ஆர்.சி.யா, பெந்தெகொஸ்தேவா?" என்றா. ஆர்.சி. என்றேன். "அப்படீங்களா," என்று சொல்லிவிட்டு மெல்லப் போய்விட்டா.

லண்டனில் என்னை இந்தக் கேள்வி கேட்பது படிவங்கள் மட்டும்தான். கடைசிப் பக்கத்தில் சமயங்களை வரிசையாகப் போட்டு, அடியில் 'சொல்ல விரும்பவில்லை' என்றும் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். நான் எப்போதும் அதில்தான் சரி போடுவேன். அந்தப் பெட்டி எவ்வளவு வசதியானது என்று அங்கே போய்த்தான் தெரிந்தது.

ஆண்டவரின் கல்லறை இருக்கும் பெரிய கோயிலின் சாவி ஒரு முஸ்லிம் குடும்பத்திடம் இருக்கிறது என்று இலியாஸ் சொன்னார். கிறிஸ்தவச் சபைகளுக்குள் யார் வைத்திருப்பதென்று ஒத்துவராததால், பல நூறு வருடமாக அப்படித்தானாம். "கேட்டியளே கதையை!" என்று பிலோமினா அக்கா வாயில் கை வைத்தா. எனக்கு ஆச்சரியம் வரவில்லை, வேறொரு சாவி ஞாபகம் வந்தது.

போர்க்காலத்தில் இயக்கம் முஸ்லிம் சனங்களை ஊரைவிட்டுப் போகச் சொன்ன நாட்களில், பக்கத்து வீட்டு உம்மா தங்கள் வீட்டுச் சாவியை அம்மாவின் கையில் தந்துவிட்டுப் போனா. நான் அப்போது ஜேர்மனியில். அம்மா ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வீட்டைத் திறந்து கூட்டிவிட்டு வருவதாக அன்ரன் கடிதத்தில் எழுதியிருந்தான். பிறகு அம்மாவும் அன்ரனும் இடம்பெயர்ந்தார்கள். அந்தச் சாவி என்னவானது என்று நான் அம்மாவிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க இனி ஆளும் இல்லை. அந்த வாசலில் நின்றபோது அது எனக்குக் கவலையாக இருந்தது. வந்த இடத்தில் எனக்கு முதன்முதலாகக் கண்ணீர் வந்தது கல்லறைக்கு முன்னால் அல்ல, இந்தச் சாவிக் கதையில்தான்.

4

மூன்றாம் நாள் காலை ஒரு சின்னக் கோயிலுக்குப் போனோம். பெயர் வேண்டாம். இரண்டு சபைச் சாமியார்கள் பங்குபோட்டு வைத்திருக்கும் கோயில். ஒரு சபையார் கறுத்த அங்கி, மற்றவர்கள் மண்ணிற அங்கி. சிறிய முற்றம், மூன்று படி, கதவு.

ஹரோவில் நாங்கள் சப்பாத்தோடுதான் பூசைக்குப் போகிறோம். வெள்ளைக்காரரின் கோயில், குளிர் நாடு, அது அப்படிப் பழகிவிட்டது. ஆனால் அந்தப் படிக்கு முன்னால் வந்ததும் பிலோமினா அக்கா நின்றுவிட்டா.

"இது சும்மா கோயிலே? மடுவில சப்பாத்தோட போவமே? கழட்டுங்கோ எல்லாரும்."

மாசிக் குளிரில் இருபத்தெட்டுப் பேரும் சப்பாத்தைக் கழற்றிக் கீழ்ப்படியில் ஒழுங்காக அடுக்கிவிட்டு, காலுறையோடு உள்ளே போனோம். சுவாமியும் கழற்றினார். இலியாஸ் தொலைபேசியில் பேசிக்கொண்டு நின்றதால் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் தடுத்திருப்பார்.

மாதா பாட்டு ஒன்று பாடி, செபம் சொல்லி, அரை மணித்தியாலம் கழித்து வெளியே வந்தால், மேற்படியில் கறுத்த அங்கிக்காரர் ஒருவர் படி கூட்டுகிற தும்புத்தடியோடு நிற்கிறார். முற்றத்தில் மண்ணிற அங்கிக்காரர், கொஞ்சம் வயதானவர், கைத்தடியோடு நிற்கிறார். நடுவில் எங்கள் சப்பாத்துகள். இரண்டு பேரும் அவற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவரும் தொடவில்லை. கதவு வாசலில் ஒரு பொலிஸ்காரர் கையை நீட்டி எங்களை மறித்தார்.

இலியாஸ் ஓடிவந்து விளக்கினார். மேல் இரண்டு படியும் கறுத்தவர்களுடையது. முற்றம் மண்ணிறக்காரருடையது. கீழ்ப்படி முற்றத்தோடு சேர்ந்ததா, படிகளோடு சேர்ந்ததா என்பதில் எத்தனையோ காலமாக வழக்கு. அந்த ஊரில் ஓர் இடத்தை யார் கூட்டுகிறாரோ அந்த இடம் அவருடையது. ஆகவே அந்தக் கீழ்ப்படியை ஒருவரும் கூட்டுவதில்லை. சாமானை நகர்த்தினாலும் கூட்டிய கணக்குத்தான். இப்போது அந்தப் படியில் சப்பாத்து வைக்க அனுமதி கொடுத்தது யார் என்று மேற்படியார் கேட்கிறார். அதைக் கேட்கும் உரிமை உமக்கு எங்கிருந்து வந்தது என்று முற்றத்தார் கேட்கிறார். இரண்டு பக்கமும் பெரியவர்களுக்கு ஆள் போயிருக்கிறது.

நான் குனிந்து பார்த்தேன். உண்மைதான். மற்றக் கல்லெல்லாம் பளபளத்தது. கீழ்ப்படியின் மூலையில் மட்டும் ஊத்தை திட்டாக இறுகிக் கிடந்தது.

இருபது நிமிடம் நின்றோம். கல்லின் குளிர் காலுறையால் ஏறி முழங்கால்வரை வந்துவிட்டது. சிலருக்கு நீரிழிவு. எனக்குப் பொறுமை குறைவு என்று என் மனைவி சொல்வா, அது பொய்யில்லை. வேலைத்தலத்தில் ஒரு சாமான் வழியில் கிடந்தால் யாருடையது என்று கேட்டுக்கொண்டு நிற்கமாட்டேன், தூக்கி ஓரத்தில் வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பேன். பொலிஸ்காரரின் கைக்குக் கீழால் குனிந்து, விறுவிறென்று இறங்கி, சப்பாத்துகளை இரண்டு கையாலும் அள்ளத் தொடங்கினேன். ஏழெட்டுச் சோடி சேர்ந்திருக்கும். மண்ணிற அங்கிக்காரர் தடியை உயர்த்திக் கத்தினார். மேலேயிருந்து கறுத்த அங்கிக்காரரும் கத்தினார். அன்றைக்கு அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

"திருப்பி வையுங்கள்," என்றார் இலியாஸ். அவருக்கு முகம் வெளுத்திருந்தது. "முன்பு இருந்த மாதிரியே வையுங்கள்."

எது எங்கே இருந்ததென்று யாருக்குத் தெரியும்? பிலோமினா அக்கா மேலேயிருந்து, "என்ர பிறவுண் சப்பாத்து அந்தக் கரையில, தம்பி. அது இல்லை, மற்றக் கரை," என்று வழி சொல்ல, நான் ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தேன். மானம் போய்விட்டது.

முற்றத்துக்கு எதிரே செபமாலையும் சிலுவையும் விற்கும் கடை. கடைக்காரர் முஸ்லிம். இவ்வளவு நேரமும் கதிரையில் இருந்து கோப்பி குடித்துக்கொண்டு பார்த்தவர், எழுந்து வந்து பொலிஸ்காரரிடம் இரண்டு வார்த்தை சொன்னார். பிறகு எனக்கும் ஆங்கிலத்தில் சொன்னார்.

"அவரவர் சப்பாத்தை அவரவர் எடுக்கட்டும். உன் சப்பாத்தை நீ எடுத்தால் அது சப்பாத்துப் போடுவது. அடுத்தவனுடையதை நீ எடுத்தால் அது படியைக் கூட்டுவது."

பொலிஸ்காரர் இரண்டு சாமியாரையும் பார்த்தார். இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்தார்கள். அதுதான் சம்மதம் போலிருக்கிறது. ஒருவர் ஒருவராக இறங்கி, தன் சோடியை மட்டும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்ப் போட்டோம். நடக்க ஏலாத புருஷனுக்குக்கூட மனுஷி எடுத்துக் கொடுக்கவில்லை, அவரே குனிந்து எடுத்தார்.

கடைசியில் படியில் மிஞ்சியது பிலோமினா அக்காவின் பிறவுண் சப்பாத்து. வழி சொன்ன களைப்பில் அவ உள்ளே போய் இன்னொருமுறை முழந்தாளில் இருந்துவிட்டா. எல்லோரும் காத்து நின்றோம். எனக்குப் பக்கத்தில்தான் அந்தச் சோடி கிடந்தது. என் கை தன்பாட்டில் நீண்டது, நான் பிடித்து இழுத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் எனக்குக் கவுன்சில் படிவம் ஞாபகம் வந்தது. அன்ரனின் பெயரை நான் எழுதியது, முகவரியை நான் எழுதியது, அவனுடைய அம்மாவுக்கு வரவேண்டிய வரியையும் நானே எழுதியது. கையெழுத்துக் கோட்டை மட்டும் அவனுக்கு விட்டு வைத்தேன். அவன் போடாததில் என்ன அதிசயம்? எனக்கு என்மேலேயே கோபம் வந்தது.

பிலோமினா அக்கா ஆறுதலாக, அவசரமில்லாமல் வந்து தன் சப்பாத்தை எடுத்தா. "ஏன் எல்லாரும் என்னைப் பாக்கிறியள்?" என்றா.

கடைக்காரரிடம் ஒரு செபமாலை வாங்கினேன், எனக்கு. அன்ரனுக்கு என்ன வாங்குவதென்று யோசித்துவிட்டு, பக்கத்துக் கடையில் பேரீச்சம்பழம் வாங்கினேன்.

5

ஆண்டுப் பூசை முடிந்த அடுத்த சனிக்கிழமை, பேரீச்சம்பழத்தையும் புதிய படிவம் ஒன்றையும் எடுத்துக்கொண்டு ஹவுன்ஸ்லோவுக்குப் போனேன். அதில் என் பகுதியை மட்டும் நிரப்பியிருந்தேன். அன்ரனின் பகுதி வெறுமை. கல்லில் எழுதவேண்டியதற்கான பெட்டியில் அம்மாவின் பெயரையும் பிறந்த, இறந்த வருடங்களையும் எழுதி, அதன் கீழே என் வரியைப் பென்சிலால் எழுதியிருந்தேன்.

கதவைத் திறந்தவன் கொஞ்சம் திகைத்துத்தான் போனான். பிறகு, "வாங்கோ," என்றான். முன்பெல்லாம் "வா அண்ணை" என்பான். நான் சப்பாத்தை வாசலுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். அவன் மனைவி ஜெயா வேலைக்குப் போயிருந்தாள். முன் அறையின் லமினேற் நான் போட்டது. கதவோரம் ஒரு பலகை கிளம்பியிருந்ததைக் கண்டேன், சொல்லவில்லை.

தேத்தண்ணி வந்தது. வீட்டுக்கு மேலால் ஒரு விமானம் போகும்போது நான் பேரீச்சம்பழத்தை மேசையில் வைத்தேன். கடைசியில் எனக்கு வாயில் வந்தது சாவிதான்.

"அன்ரன், அந்தப் பக்கத்து வீட்டு உம்மான்ர சாவி இருந்ததெல்லே, அது என்ன நடந்தது?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "அதை அம்மா தன்னோடதான் கொண்டு திரிஞ்சவ. அகதிக் காம்பிலயும் வைச்சிருந்தவ. பிறகு உம்மான்ர மகன் திரும்பி வந்தவர். அவரிட்டக் குடுத்திட்டா."

"வீடு?"

"வீடு எங்க இருந்தது? கூரையும் இல்லை, கதவும் இல்லை. சாவி மட்டும்தான் மிச்சம். அவர் அதை வாங்கிப்போட்டு அழுதவர். ஏன், நீங்கள் அம்மாட்டக் கேக்கேல்லையே?"

"இல்லை."

எருசலேம் கதையைச் சொன்னேன். படி, சப்பாத்து, தும்புத்தடி, நான் அள்ளப்போய்ப் பேச்சு வாங்கியது. முதலில் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தவன், பிலோமினா அக்கா மேலேயிருந்து வழி சொன்ன இடத்தில் சிரித்துவிட்டான். பிறகு சொன்னான்:

"அம்மாவும் எங்கட ஹோலுக்கு வந்தால் வாசல்லயே செருப்பைக் கழட்டிப்போடுவா. பாஸ்ரர் சொல்லுவார், அது ஜிம் அம்மா, தேவையில்லை எண்டு. கேக்கமாட்டா. பாஸ்கற்போல் கோட்டில வெறுங்காலோட நிப்பா."

எனக்கு அது தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுடைய பிள்ளையைப் பார்த்துக்கொண்டு அம்மா வீட்டில் நிற்கிறா என்றுதான் நான் நினைத்திருந்தேன். அல்லது அப்படி நினைக்க விரும்பினேன்.

"உங்கட பூசையிலயும் கழட்டுறவவே?" என்று கேட்டான்.

"ஓம். வாங்குக்குக் கீழ. ஒருத்தருக்கும் தெரியாமல்."

படிவத்தை மேசையில் வைத்தேன். அவன் எடுத்து முழுவதையும் வாசித்தான். தன் பெயருக்கான பெட்டிகள் வெறுமையாக இருந்ததைப் பார்த்தான். பேனா கேட்டு, தன் பெயரையும் முகவரியையும் தானே எழுதினான். கல்லுக்குரிய பெட்டியில், என் பென்சில் வரிக்குக் கீழே தன் வசனத்தை எழுதினான். பிறகு இரண்டு பேரும் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

"கல்லுக்கு ரெண்டு பக்கம் இருக்குதெல்லே," என்றேன். "முன்னுக்கு ஒண்டு, பின்னுக்கு ஒண்டு."

"அம்மாவைப் பங்குபோடுறதே, அண்ணை?"

வேண்டாம் என்று எனக்கும் தெரிந்தது. இன்னொரு விமானம் போனது. அது போய் முடியட்டும் என்று காத்திருந்துவிட்டு, அழிறப்பரை எடுத்து என் வரியை நான் அழித்தேன். நோவாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். அவனுடைய வரியை நான் தொடவில்லை. அவன் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு தன் வசனத்தின் குறுக்கே ஒரு கோடு கீறி வெட்டினான், பக்கத்தில் சின்னக் கையெழுத்து வைத்தான். பெட்டியில் மிஞ்சியது அம்மாவின் பெயர், இரண்டு வருடங்கள், மன்னார். அந்த மன்னாரை அவன்தான் சேர்த்தான்.

"இது காணும், போதும்," என்றான். கையெழுத்துக் கோட்டில் கையெழுத்திட்டான்.

போக எழும்பியபோது மழை பெய்துகொண்டிருந்தது. வாசலில் என் சப்பாத்து இல்லை.

"நனையப்போகுதெண்டு தேத்தண்ணி போடப் போகேக்கயே உள்ளுக்கு எடுத்து வைச்சிட்டன். கதவுக்குப் பின்னால பார், அண்ணை."

கதவைச் சாத்திப் பின்னால் இருந்த சப்பாத்துத் தட்டைப் பார்த்தேன். என் சப்பாத்து மேல்தட்டில், ஈரம் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் நீலப் பட்டி போட்ட றப்பர் செருப்பு ஒரு சோடி. அம்மா நடக்கும் நடைக்கு இடது குதிகால் சரிவாகத் தேய்ந்திருந்தது. என் வீட்டில் இருந்த சோடியை, முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு மற்ற உடுப்புகளோடு கட்டி, நானே தருமத்துக்குச் சரிற்றிக் கடையில் கொடுத்தவன். செத்தவர்களுக்காக ஒன்றும் செய்யக்கூடாது என்கிற வீடு இது. இரண்டு வருடம். செருப்பில் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

அன்ரன் எனக்குப் பின்னால்தான் நின்றான்.

நான் என் சப்பாத்தை மட்டும் எடுத்தேன்.